மூச்சு முட்டிய மாமரம்: என் கொல்லைப்புறம் சொல்லிக் கொடுத்த பாடங்கள்

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



மாடித்தோட்டம் பற்றிப் பேசின எபிசோடுக்குப் பிறகு நிறைய பேர், "தொட்டிச் செடி சரி, மரம் பத்தி பேசுங்க, வீட்ல உரம் போடுறது பத்தி பேசுங்க"ன்னு கேட்டிருந்தீங்க. இன்னிக்கு ரெண்டையும் சேர்த்தே பேசலாம். ஏன்னா ரெண்டும் ஒரே விஷயம்தான். அது எனக்குப் புரியறதுக்கு மூணு வருஷமும் ஒரு மரமும் செலவாச்சு.

ஆமா, முதல்ல அதை ஒத்துக்கிறேன். நான் ஒரு மரத்தைக் கொன்னிருக்கேன். அரிவாள் எடுக்கல, ஆள் வெச்சு வெட்டல. நல்ல எண்ணத்தோட, கையில இருந்த காசைக் கொடுத்து, ரெண்டே நாள்ல அந்த வேலையைச் செஞ்சு முடிச்சேன்.

ரெண்டு நாள் வேலை

எங்க வீடு மடிப்பாக்கத்தில. ஒரு காலத்தில வயலும் ஏரியுமா இருந்த பகுதி. அதனால மண் நல்ல களிமண். மழை பெஞ்சா தண்ணி இறங்காது, வெயில் அடிச்சா பாளம் பாளமா வெடிக்கும். வீட்டுக்குப் பின்னாடி இருபதுக்கு இருபத்தைந்து அடியில ஒரு கொல்லை. அதில ஒரு ருமானி மாமரம், ஒரு நெல்லி, ஒரு கறிவேப்பிலை, துணி துவைக்கிற கல்லு. அவ்வளவுதான்.

2018 நவம்பர் மழையில அம்மா அங்க வழுக்கி விழுந்தாங்க. பாசி பிடிச்ச களிமண். முழங்கால்ல அடி, ஒன்றரை மாசம் நடமாட்டம் இல்லை. நான் அப்போ வேலைக்காக பெங்களூரில இருந்தேன். வீட்ல அம்மா தனியா. போன்ல தினமும் அழுகை வரும், எனக்கு. அடுத்த பொங்கல் லீவுக்கு வந்ததும் முதல் வேலையா மேஸ்திரியைக் கூப்பிட்டு, கொல்லை முழுக்க சிமென்ட் போடச் சொல்லிட்டேன். அவர் ஒரு வார்த்தை கேட்டார். "மரத்தைச் சுத்தி கொஞ்சம் விடவா?" நான், "வேணாம், அங்கதான் சருகு சேர்ந்து வழுக்குது, ஒட்டியே போட்டுடுங்க"ன்னு சொன்னேன். அடிமரத்தை ஒட்டி, ஒரு விரல் இடைவெளி கூட இல்லாம, நாலு அங்குலத்துக்கு கான்கிரீட்.

அம்மாவுக்கு சந்தோஷம். எனக்கு நிம்மதி. இப்பவும் சொல்றேன், அந்தப் பயம் நியாயமான பயம். செஞ்ச விதம்தான் தப்பு.

அந்த வருஷம் 2019. சென்னையில இருந்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஏரியெல்லாம் வறண்டு, குடத்தோட லாரிக்காக நின்ன வருஷம். 2020 லாக்டவுன்ல நான் வீட்டோட வந்தப்போ நெல்லி மொட்டையா நின்னுட்டிருந்தது. நெல்லி இலை உதிர்க்கிற மரம்தான், அதனால நான் பெருசா எடுத்துக்கல. ஏப்ரல் போச்சு, மே போச்சு, துளிர் வரல. ஒரு நாள் நகத்தால பட்டையைக் கீறிப் பார்த்தேன். உயிரோட இருந்தா உள்ளே பச்சையும் ஈரமுமா இருக்கணும். பழுப்பா, காய்ஞ்சு இருந்தது. கிளையில கீறினேன், அடியில கீறினேன், எல்லா இடமும் அதே.

"தண்ணிப் பஞ்சம், என்ன பண்றது"ன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். ஆனா எதிர் வீட்டிலயும் ஒரு நெல்லி இருந்தது. அதே வயசு, அதே களிமண், அதே பஞ்சம். அவங்க வீட்ல சிமென்ட் மட்டும் இல்ல. அது தளதளன்னு துளிர்த்து நின்னது.

வெட்ட வந்தவர் வெட்டல

அடுத்து மாமரம். உச்சிக் கிளைகள் நுனியிலிருந்து காய ஆரம்பிச்சது. புது இலை வந்தாலும் சின்னதா, வெளிறி வந்தது. ரெண்டு வருஷமா பூவே இல்லை. காய்ஞ்ச கிளை காத்துல ஆடுறதைப் பார்த்தா பக்கத்து வீட்டு ஷீட் மேல விழுமோன்னு பயம். 2016 டிசம்பர் 12 வர்தா புயல்ல எங்க தெருவில விழுந்த மரங்களை அம்மா இன்னும் மறக்கல. "வெட்டிடலாம்"னு அவங்களே சொன்னாங்க. நான் மறுக்கல.

2021 ஜனவரியில மரம் வெட்டுற அண்ணன் ஒருத்தர் வந்தார். மரத்தைச் சுத்தி ஒரு முறை நடந்தார். கீழ குனிஞ்சு சிமென்ட்டும் பட்டையும் சேர்ற இடத்தைப் பார்த்தார். மரம் பெருத்து, பட்டை சிமென்ட்ல நெரிஞ்சு, மடிஞ்சு இருந்தது. அடிமரத்தில அங்கங்க கீறிப் பார்த்தார். பச்சை.

"ஏம்மா, இது சாகலையே. மூச்சு முட்டி நிக்குது. வெட்டுறதுக்குக் காசு வாங்கலாம், ஆனா மனசு வரல. முதல்ல இதை உடைங்க. ரெண்டு மழை பாருங்க. அப்புறமும் வரலைன்னா கூப்பிடுங்க."

வெட்டினா வர்ற கூலியை விட்டுட்டு ஒரு மனுஷன் இப்படிச் சொல்லிட்டுப் போறார். அன்னிக்கு ராத்திரிதான் மரத்தோட வேர் என்ன பண்ணுதுன்னு நான் முதல் முறையா உட்கார்ந்து படிச்சேன்.

வேர் பற்றி நம்ம தலையில இருக்கிற தப்பான படம்

ஸ்கூல் புத்தகத்தில மரம் வரைவோம் இல்லையா? மேல எவ்வளவு உயரமோ கீழ அவ்வளவு ஆழத்துக்கு வேர். உண்மையில பெரும்பாலான மரங்களுக்கு அப்படி இல்லை. ஆணிவேரும் தாங்கி நிக்கிற தடிமனான வேர்களும் ஆழமா போகலாம். ஆனா சாப்பாடும் தண்ணியும் உறிஞ்சுற வேர்கள் நூல் மாதிரி மெல்லிசானவை. அதில பெரும்பகுதி மேல் ஒன்று, ஒன்றரை அடி மண்ணிலதான் இருக்கு. அதுவும் அடிமரத்தை ஒட்டி இல்லை. கிளைகள் எவ்வளவு தூரம் விரிஞ்சிருக்கோ அந்த விளிம்பு வரைக்கும், அதைத் தாண்டியும் பரவி இருக்கும்.

ஏன் மேலேயே இருக்கு? காத்துக்காக. இலை ஒளிச்சேர்க்கை செஞ்சு ஆக்சிஜனை வெளிய விடும்னு நமக்குத் தெரியும். வேருக்கு வெளிச்சம் கிடையாது. அது நம்மள மாதிரியே ஆக்சிஜனை எடுத்து, கார்பன் டை ஆக்சைடை விடுது. மண் துகள்களுக்கு நடுவுல இருக்கிற இண்டு இடுக்குகள்தான் அதுக்கு ஜன்னல். சிமென்ட் போட்டா அந்த ஜன்னல் மூடிடும். மழைத்தண்ணி உள்ளே இறங்காது. வெயில்ல கான்கிரீட் சூடேறி கீழ இருக்கிற மண்ணையும் சுடும். களிமண்ணா இருந்தா இன்னும் மோசம், ஏற்கெனவே அதில இடுக்கு கம்மி.

மரம் உடனே சாகாது. சேமிச்சு வெச்சதை வெச்சு ஒரு வருஷம், ரெண்டு வருஷம் ஓட்டும். அதனாலதான் நமக்குக் காரணம் தெரியறதில்லை. இன்னிக்கு சிமென்ட் போட்டு, ரெண்டு வருஷம் கழிச்சு மரம் பட்டுப்போனா, "வயசாச்சு", "பூச்சி", "கண்ணு பட்டுடுச்சு"ன்னு சொல்லுவோம்.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. டெல்லியில நடைபாதை மரங்களைச் சுத்தி கான்கிரீட் போட்டது பெரிய வழக்காகி, மரத்தைச் சுத்தி 1 மீட்டருக்குள்ள இருக்கிற கான்கிரீட்டை எடுக்கணும்னு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013ல உத்தரவு போட்டது. 1 மீட்டர்ங்கிறது மரத்துக்கு ரொம்பக் கம்மி. ஆனா அதுக்கே உத்தரவு தேவைப்பட்டிருக்கு.

உடைச்சது எப்படி

உடைக்கிற மெஷின் கொண்டு வர்றேன்னு மேஸ்திரி சொன்னார். வேண்டாம்னுட்டேன். மேல் வேர்கள் சிமென்ட்டை ஒட்டியே இருக்கும், மெஷின் அதிர்ச்சியில நசுங்கிடும். உளியும் சுத்தியலும் வெச்சு, மரத்திலிருந்து எல்லாப் பக்கமும் அஞ்சு அடிக்கு, துண்டு துண்டா பெயர்த்து எடுத்தோம். மூணு நாள் ஆச்சு. போட்டதை விட ஒரு நாள் அதிகம்.

கீழ மண் கல்லு மாதிரி இறுகி, ஒரு மாதிரி சாம்பல் நிறத்தில, புளிச்ச வாடை அடிச்சது. ஒரு மண்புழு இல்லை. மண்வெட்டியால கொத்திக் கிளறிடலாம்னு கை பரபரத்தது. அதைச் செய்யக் கூடாது. மிச்சம் இருக்கிற மெல்லிய வேரும் அறுந்துடும். அதுக்குப் பதிலா மண்ணை லேசா நனைச்சு, மறுநாள் கடப்பாரையால ரெண்டடிக்கு ஒரு குழி, ஒரு அடி ஆழத்துக்குப் போட்டேன். வேர் தட்டுப்பட்டா நகர்ந்து வேற இடம். அந்தக் குழிகள்ல மக்கின உரத்தை நிரப்பினேன். காத்தும் தண்ணியும் இறங்க அதுதான் வழி.

அம்மா? அவங்க நடக்கிற பாதைதான் எனக்கு முக்கியமான கேள்வி. பின்கதவிலிருந்து துவைக்கிற கல்லு வரைக்கும், வழவழப்பு இல்லாத கருங்கல் பலகைகளை மூணு அங்குல இடைவெளி விட்டுப் போட்டோம். சுவத்தில கையால பிடிச்சுக்க ஒரு பைப் அடிச்சோம். மொத்தச் செலவு, சிமென்ட் போட்டதில பாதி. 2019லயே இதைச் செஞ்சிருக்கலாம். மேஸ்திரி "விடவா"ன்னு கேட்டப்போ, "விடுங்க"ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும்.

நாற்றம் அடிச்ச பக்கெட்

இப்போ உரத்துக்கு வர்றேன். முதல்ல கடையில வாங்கினேன். அப்புறம், "வீட்லதான் தினமும் காய்கறித் தோல் விழுதே"ன்னு, மூடி போட்ட பக்கெட் ஒண்ணுல எல்லாத்தையும் கொட்ட ஆரம்பிச்சேன். பத்தாவது நாள் திறந்தேன். அழுகின முட்டை நாற்றம். கறுப்பா தண்ணி. உள்ளே நெளியற புழு. பக்கத்து வீட்டு ஆன்ட்டி காம்பவுண்ட் சுவத்துக்கு மேல தலையை நீட்டி, "என்னம்மா ஏதாவது செத்துக் கிடக்கா?"ன்னு கேட்டாங்க. அம்மா என்னைப் பார்த்த பார்வையை எடிட்ல கூட விவரிக்க முடியாது.

அதே நேரத்தில கொல்லையில என்ன நடந்துட்டிருந்தது தெரியுமா? அம்மா தினமும் காலையில மாஞ்சருகைப் பெருக்கி, சாக்குல கட்டி, குப்பை வண்டியில போட்டுட்டிருந்தாங்க. வண்டி வராத நாள்ல மூலையில கொளுத்துவாங்க.

அந்த ரெண்டு குப்பையும் ஒண்ணுக்கொண்ணு மருந்து. சமையலறைக் கழிவு ஈரம், அதில நைட்ரஜன் அதிகம். சருகு காய்ஞ்சது, அதில கார்பன் அதிகம். மக்க வைக்கிற நுண்ணுயிர்களுக்கு ரெண்டும் வேணும். கார்பன் எரிபொருள் மாதிரி, நைட்ரஜன் உடம்பு வளர்க்க. சுமார் 30 பங்கு கார்பனுக்கு 1 பங்கு நைட்ரஜன் இருந்தா வேகமா வேலை நடக்கும். வெறும் காய்கறித் தோலா போட்டா காத்துப் போக இடமில்லாம, ஆக்சிஜன் இல்லாத இடத்தில வாழற கிருமிகள் வந்து நாற வைக்கும். வெறும் சருகா போட்டா வருஷக்கணக்கில அப்படியே கிடக்கும்.

இந்தக் கணக்கை முறையா எழுதி வெச்ச வேலை நம்ம நாட்டிலதான் நடந்தது. ஆல்பர்ட் ஹோவர்ட்ங்கிற ஆங்கிலேய தாவரவியலாளரும், யஷ்வந்த் வாட்ங்கிற வேதியியலாளரும் இந்தூர்ல 1920கள்ல பண்ணைக் கழிவையும் சாணத்தையும் அடுக்கடுக்கா போட்டு, கிளறி, சுமார் மூணு மாசத்தில உரமாக்குற முறையை ஒழுங்குபடுத்தினாங்க. 1931ல அது புத்தகமா வந்தது. இன்னிக்கும் உலகம் முழுக்க அதுக்குப் பேரு இந்தூர் முறைதான்.

நான் இப்போ செய்யறது இதுதான்:

பக்கவாட்டுல ஓட்டை போட்ட பெரிய டிரம். அடியிலயும் வடிய ஓட்டை, கீழ ரெண்டு செங்கல். முதல்ல நாலு அங்குலத்துக்குக் குச்சியும் சருகும். அப்புறம் ஒரு கிண்ணம் காய்கறிக் கழிவு போட்டா, அதே கிண்ணத்தால ரெண்டு கிண்ணம் நொறுக்கின சருகு. எப்பவும் சருகுதான் மேல் மூடி, ஈரக் கழிவு கண்ணுக்குத் தெரியக் கூடாது. ஆரம்பத்தில ஒரு கைப்பிடி தோட்டத்து மண் அல்லது பழைய உரம் தூவினா நுண்ணுயிர்கள் அதிலேயே வந்துடும். புளிச்ச மோர் தெளிக்கிறவங்களும் உண்டு, செய்யலாம். வாரத்துக்கு ஒரு முறை கிளறணும்.

சரியா இருக்கான்னு எப்படிப் பார்க்கிறது? ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிங்க. ரெண்டு, மூணு சொட்டு வந்தா சரி. ஒழுகினா சருகு சேருங்க. உதிர்ந்தா தண்ணி தெளிங்க. அழுகின முட்டை வாடைன்னா காத்து இல்லை, கிளறுங்க. மூக்கைத் துளைக்கிற அமோனியா வாடைன்னா நைட்ரஜன் ஜாஸ்தி, சருகு போடுங்க. நெளியற புழுக்கள்ல நிறைய கறுப்புப் படைவீரன் ஈயோட புழுக்கள், அதாவது பிளாக் சோல்ஜர் ஃப்ளை. நம்மள ஒண்ணும் பண்ணாது, கழிவை வேகமா தின்னும். பார்க்கத்தான் கஷ்டம்.

மீன், கறி, எண்ணெய், சமைச்ச சோறு ஆகியவற்றை சின்ன டிரம்ல தவிர்த்துடுங்க, எலி வரும். எலி வந்தா பின்னாடியே பாம்பு வரும். முட்டை ஓட்டை நொறுக்கிப் போடலாம். தேங்காய் ஓடு போடாதீங்க, அது நமக்கு அப்புறமும் இருக்கும்.

மூணடிக்கு மூணடி குவியலா இருந்தா உள்ளே 55லிருந்து 65 டிகிரி வரைக்கும் சூடேறும். அந்தச் சூட்டில விதைகளும் நோய்க் கிருமிகளும் செத்துடும். நம்ம டிரம் அவ்வளவு சூடாகாது. அதனால எங்க வீட்ல உரம் போட்ட இடமெல்லாம் தக்காளியும் பரங்கியும் முளைச்சது. அதில ஒரு பரங்கிக்காயை அம்மா சாம்பார் வெச்சாங்க. அதுவரைக்கும் டிரம்மை வெளிய தூக்கிப் போடச் சொல்லிட்டிருந்தவங்க, அன்னிக்கு ஒண்ணும் சொல்லல.

ஒரு அவசரத் தப்பும் செஞ்சேன். முப்பதாவது நாளே பாதி மக்கினதை எடுத்து மிளகாய்ச் செடிக்குப் போட்டேன். இலையெல்லாம் மஞ்சளாச்சு. மக்கி முடியாத பொருள் மண்ல இருக்கிற நைட்ரஜனையே இழுத்துக்கும். எங்க வெயிலுக்கு ரெண்டரை, மூணு மாசம் ஆகுது. போட்டது எதுன்னு அடையாளம் தெரியாம, முதல் மழை மண் வாசனை வந்தா உரம் தயார்.

சருகு குப்பை இல்லை

மாமரத்தடியில உரத்தை ஒரு அங்குலத்துக்குப் பரப்பி, அதுக்கு மேல ரெண்டு, மூணு அங்குலத்துக்கு அதோட சருகையே போட்டோம். விவசாயிங்க இதை மூடாக்குன்னு சொல்லுவாங்க. மண் சூடாகாது, ஈரம் காயாது, மழைத்துளி நேரடியா அடிச்சு மண் இறுகாது, மெதுவா மக்கி உரமும் ஆகும். காட்டுல யாரும் மரத்துக்கு உரம் வாங்கிப் போடறதில்லை. மரம் இலையைக் கீழ போடுது, மண் அதைத் திருப்பி மேல அனுப்புது. நடுவுல விளக்குமாத்தோட வந்து நின்னது நாமதான்.

ரெண்டு விஷயம் கவனிங்க. ஒண்ணு, சருகையோ உரத்தையோ அடிமரத்தைத் தொடுற மாதிரி குவிக்காதீங்க. ஒரு சாண் இடைவெளி விடுங்க. பட்டை எப்பவும் ஈரமா இருந்தா அழுகும். பச்சைச் சாணத்தைக் கொண்டு வந்து அடியில கொட்டுறதும் வேர்களைச் சுடும்.

ரெண்டாவது, அம்மா கேட்ட கேள்வி. "சருகு கிடந்தா பாம்பு, பூரான் வராதா?" வரலாம், குவியலா கிடந்தா. மெல்லிசா பரப்பினா ஒளிய இடமில்லை. சுவத்திலிருந்தும் பாதையிலிருந்தும் மூணடி தள்ளி மட்டும் போட்டோம். கரையானும் வந்தது. அது பெரும்பாலும் காய்ஞ்ச சருகையும் செத்த பட்டையையும்தான் தின்னும். அடிமரத்தில மண் கோடு ஏறினா மட்டும் தட்டி விட்டுட்டு பார்த்துக்கிட்டோம்.

கிளை வெட்டுறது: ஒரு சின்ன மேடு

காய்ஞ்ச கிளைகளை எடுக்க அதே அண்ணனைத்தான் கூப்பிட்டோம். உயரத்தில, கரண்ட் கம்பி பக்கத்தில இருக்கிறதை நீங்களா ஏறி வெட்டாதீங்க, ப்ளீஸ். கை எட்டுற கிளைகளை மட்டும் நான் வெட்டினேன்.

கிளை அடிமரத்தோட சேர்ற இடத்தைப் பாருங்க. மோதிரம் போட்ட மாதிரி லேசா தடிச்சு ஒரு மேடு இருக்கும். அந்த மேட்டை வெட்டக் கூடாது. அதுக்குத் துளி வெளியே வெட்டணும். "அழகா, வழவழன்னு" அடிமரத்தோட சமமா வெட்டினா அந்த மேடு போயிடும். ஒரு அடி நீட்டி விட்டாலும் அந்தக் கட்டை அழுகி, அழுகல் உள்ளே போகும்.

அமெரிக்க வனத்துறையில வேலை பார்த்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில அறுத்துப் பார்த்து இதைக் காட்டினார். நம்ம தோல்ல காயம் பட்டா அந்த இடம் புதுசா வளர்ந்து சரியாகும். மரத்துக்கு அப்படி இல்லை. காயப்பட்ட பகுதியைச் சுத்தி சுவர் எழுப்பி, தனியா பூட்டி வெச்சிட்டு, மேல புதுசா வளரும். அந்தச் சுவர் எழுப்புற இடம்தான் அந்த மேடு. காயத்துக்கு மேல பெயின்ட் அடிக்கிறதால அழுகல் நிக்காதுன்னும் அவர் சோதனை பண்ணிக் காட்டினார். பொந்துக்குள்ள சிமென்ட் அடைக்கிற பழக்கமும் நமக்கு உண்டு. அது ஈரத்தை உள்ளே பிடிச்சு வைக்கும். அடைக்காம விட்டுடுங்க.

தடிமனான கிளையா இருந்தா மூணு வெட்டு. அடிமரத்திலிருந்து ஒரு அடி தள்ளி, கீழிருந்து மேல் நோக்கிக் கால்வாசி. அதுக்குக் கொஞ்சம் வெளியே, மேலிருந்து கீழ், கிளை விழும். பாரம் போனதும் மேட்டுக்கு வெளியே மூணாவது வெட்டு. கீழ் வெட்டு இல்லாம நேரா மேலிருந்து அறுத்தா, கிளை விழறப்போ அடிமரத்துப் பட்டையையும் உரிச்சுக்கிட்டு வரும். மாமரத்துல காய் பறிச்சு முடிச்சதும் வெட்டுறது நல்லது. அதுக்கப்புறம் வர்ற துளிருக்கு முத்தி, தை மாசி பூவுக்குத் தயாராக நேரம் கிடைக்கும்.

வந்ததும் வராததும்

2021 மழைக்கு அப்புறம் பாத்தியில முதல் மண்புழு. அம்மாதான் பார்த்தாங்க. 2022ல பூ இல்லை, ஆனா இலை பெருசாச்சு. 2023 தையில தெற்குப் பக்கம் மட்டும் பூத்தது. நான் ஆர்வத்தில தினமும் தண்ணி ஊத்தப் போனேன். வெட்டுற அண்ணன் போன்லயே திட்டினார். வளர்ந்த மாமரத்துக்கு பூ வர்றதுக்கு முன்னாடி கொஞ்சம் காய்ச்சல் வேணும், தண்ணி அதிகமானா இலைதான் வரும். காய் பிடிச்ச பிறகு ஊத்தலாம்னு சொன்னார். 2024ல நாப்பத்தாறு பழம். எண்ணினேன். ருமானி தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், ஆப்பிள் மாதிரி உருண்டை, காகிதம் மாதிரி மெல்லிய தோல். முதல் பழங்கள்ல பத்து அந்த அண்ணனுக்கு. பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு ஆறு. அவங்க இப்போ அவங்க வீட்டுச் சருகைச் சாக்குல கட்டி சுவத்துக்கு மேல கொடுக்கிறாங்க.

வடக்குப் பக்கம் இன்னும் திரும்பல. அங்க சிமென்ட்டை அஞ்சு அடிக்கு மேல எடுக்க முடியல, பக்கத்திலேயே செப்டிக் டேங்க். அந்தப் பக்கக் கிளைகள் மெல்ல மெல்லப் போயிட்டுதான் இருக்கு. நெல்லி இருந்த இடத்தில இன்னும் எதுவும் வைக்கல. அம்மா வைக்கச் சொல்றாங்க. அந்த மண் தயாராகட்டும்னு உரம் மட்டும் போட்டுட்டிருக்கேன்.

நீங்க அபார்ட்மென்ட்ல இருக்கலாம், கொல்லையே இல்லாம இருக்கலாம். பரவாயில்லை. இன்னிக்குக் கீழ இறங்கி உங்க வாசல்ல நிக்கிற மரத்தோட அடியைப் பாருங்க. டைல்ஸோ சிமென்ட்டோ பட்டையை ஒட்டி இருக்கா? அசோசியேஷன்ல பேசுங்க, நடைபாதை மரம்னா மாநகராட்சிக்குப் புகார் கொடுங்க. மூணடிக்கு மண்ணைத் திறந்து விடச் சொல்லுங்க. அந்த மரத்துச் சருகை ஒரு பை எடுத்துட்டுப் போய் உங்க பால்கனி டிரம்ல போடுங்க. மக்கினதும் ஒரு பங்கை அதே மரத்துக்குத் திருப்பிக் கொடுங்க.

யாராவது மேஸ்திரி உங்ககிட்ட, "மரத்தைச் சுத்தி கொஞ்சம் விடவா?"ன்னு கேட்டா, என்ன சொல்லணும்னு இப்போ உங்களுக்குத் தெரியும்.

அடுத்த எபிசோட்ல சந்திக்கலாம்.